கடைசி நாவலின் சொற்கணக்கு

அகதா கிறிஸ்டியை ஒன்றுவிடாமல் படித்தவர்களிடம் 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தது என்று சொல்ல மனம் வராது. பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராது. 1972-இன் இறுதியில் அந்த நாவல் வெளியானபோது ஆசிரியருக்கு 82 வயது. அரை நூற்றாண்டாகக் கொலையும் துப்பறிதலுமாக எழுதிக் குவித்தவர். துப்பறியும் நாவல்கள் மட்டும் 66. கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி என்பது பிரிட்டனில் பண்டிகை வழக்கமாகவே ஆகியிருந்த காலம் அது. அப்படிப்பட்டவரின் புதுப் புத்தகத்தைக் கையில் எடுத்த வாசகர், பாதியில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தார். என்ன சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை. அந்த 'ஏதோ'வை எண்ணிக் காட்ட முடியும் என்று பின்னாளில் இருவர் நிரூபித்தார்கள்.

முதலில் நாவலுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். முடிச்சு அருமையானது. கடலோரப் பாறை உச்சியில் ஒரு ராணுவ ஜெனரலும் அவர் மனைவியும் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார்கள். நடுவில் கைத்துப்பாக்கி, அதில் இருவர் கைரேகையும் இருக்கிறது. யார் யாரைச் சுட்டது? பல வருடங்கள் கழித்து அந்தத் தம்பதியின் மகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது, மாப்பிள்ளையின் தாய் இந்தக் கேள்வியைக் கிளப்புகிறாள். (சம்பந்தி வீட்டு விசாரணை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.) துப்பறியும் எர்க்யூல் பொய்ரோவும், அவர் தோழியும் நாவலாசிரியருமான திருமதி ஆலிவரும் பழைய ஆட்களைத் தேடிப் போய், அவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்கிறார்கள். யானை எதையும் மறக்காது என்ற நம்பிக்கையை வைத்துத்தான் தலைப்பு. தடயங்களைக்கூட ஒளிக்காமல் கிறிஸ்டி நேர்மையாகவே போட்டு வைத்திருக்கிறார்: சில பொய்முடிகள், ஒரு நாய்.

ஆனால் சாவு நடந்தது எப்போது? ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் பதினைந்து, வேறோரிடத்தில் இருபது. இறந்தவர்களின் வயதுக் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. உரையாடல் ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஆளுக்கு ஆள் 'வந்து...' என்று இழுத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தாமும் துப்பறியும் கதைகள் எழுதியவரான ராபர்ட் பார்னார்ட் என்ற விமர்சகர், இந்தக் கதையில் யாருக்கும் எதுவும் சரியாக நினைவில்லை, ஆசிரியர் உட்பட என்று குத்திக் காட்டினார். அதைக் கிண்டலாகத்தான் எழுதினார்.

என் வருத்தம் வேறு. இதே அச்சில் கிறிஸ்டி ஏற்கெனவே ஒரு நாவல் வார்த்திருக்கிறார்: 1942-இல் வெளியான 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. அதிலும் பழைய சாவுதான், பதினாறு வருடத்துக்கு முந்தையது. அதிலும் பொய்ரோ ஐந்து பேரிடம் போய் நினைவைக் கிளறுகிறார். ஒரே நாளை ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் மொழியும் தனி, ஒவ்வொருவர் பொய்யும் தனி. எனக்கு அதுதான் அவருடைய ஆகச் சிறந்த புத்தகம். 1972-இல் அதே எலும்புக்கூட்டை மறுபடி நிறுத்தினார். கூடு நிற்கிறது, சதை பிடிக்கவில்லை. எலும்பு ஏன் நின்றது, சதை ஏன் கரைந்தது என்பதில்தான் அறிவியல் நுழைகிறது.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் இயன் லங்காஷையரும் கணினி அறிவியல் பேராசிரியர் கிரேம் ஹர்ஸ்டும் 2009-இல் கிறிஸ்டியின் நாவல்களைக் கணினியில் ஏற்றினார்கள். முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' முதல், கடைசியாக எழுதிய, 1973-இல் வந்த 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' வரை பதினைந்து சொச்சம் நாவல்கள். கேட்ட கேள்விகள் மூன்றுதான். எத்தனை வேறுவேறு சொற்கள் வருகின்றன? ஒரே சொற்றொடர் எத்தனை முறை திரும்பி வருகிறது? பெயர் சொல்லாமல் மழுப்பும் சொற்கள், நம் பேச்சில் 'அது', 'ஏதோ ஒண்ணு', 'என்னமோ' என்று வருகிறவற்றுக்கு ஈடான ஆங்கிலச் சொற்கள், எத்தனை?

வேறுவேறு சொற்களை எண்ணுவது சுலபம் என்று தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் முதல் சில பக்கங்களில் புதுச்சொற்கள் மளமளவென்று வரும்; போகப் போக ஏற்கெனவே வந்தவையே திரும்பி வரும்; முந்நூறாவது பக்கத்தில் புதுச்சொல் தட்டுப்படுவதே அபூர்வம். ஆகவே பெரிய புத்தகத்தையும் சிறிய புத்தகத்தையும் அப்படியே ஒப்பிட்டால், சொற்களின் மொத்த எண்ணிக்கையோடு விகிதம் பார்க்கும்போது பெரிய புத்தகம் சொல்வளம் குறைந்ததாகத் தெரியும். அது எழுதியவரின் குறையல்ல, கணக்கின் குணம். இதைத் தவிர்க்க ஒவ்வொரு நாவலிலும் முதல் 50,000 சொற்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

வயது ஏற ஏறச் சொல்வளம் இறங்கியிருந்தது. கடைசி நாவல்களில் சரிவு செங்குத்து. கிறிஸ்டி 63 வயதில் எழுதிய 'டெஸ்டினேஷன் அன்நோன்' நாவலோடு 'எலிஃபன்ட்ஸ்' நாவலை ஒப்பிட்டால், பதினெட்டு வருட இடைவெளியில் வேறுவேறு சொற்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டது. திரும்பி வரும் சொற்றொடர்கள் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தன. மழுப்பல் சொற்கள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இந்தச் சரிவு அல்சைமர் நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிறிஸ்டி உயிரோடு இருந்தபோது எந்த மருத்துவரும் அவருக்கு அந்த நோய் இருப்பதாக அறிவித்ததில்லை. 1976 ஜனவரியில் 85 வயதில் இறந்தார். மூளையை யாரும் ஆராயவில்லை.

சரி, மறதி நோய்க்கும் சொற்களுக்கும் என்ன தொடர்பு? அல்சைமரில் மூளைச் செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்காகிறது. அந்தச் சிக்கு, புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை ஒட்டித் தொடங்கி, காதுக்கு அருகே உள்ள நெற்றிப்பொட்டு மடலுக்குப் பரவுகிறது. சொல்லையும் பொருளையும் முடிந்து வைத்திருக்கும் வேலையில் பெரும் பங்கு அந்த மடலுக்கு. தினமும் வாயில் புரளும் சொல்லுக்கு மூளையில் வந்துசேரப் பல வழிகள் உண்டு. ஒன்று அடைபட்டாலும் இன்னொன்றில் வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் சொல்லுக்கு ஒன்றிரண்டு ஒற்றையடிப் பாதைகள்தான். ஆகவே அபூர்வச் சொல் முதலில் போகிறது, அதன் இடத்தில் பொதுச்சொல் உட்காருகிறது. 'அயிரை' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 'சின்ன மீன்' என்பார், பிறகு 'மீன்', அதற்கும் பிறகு 'அந்த இது'.

இலக்கணம் அப்படி உடனே போவதில்லை. எழுவாய் எங்கே, வினை எங்கே என்ற ஒழுங்கு சொற்பொருளை நம்பி இல்லை. அது பழகிய கை வேலை செய்வதைப் போன்ற ஒரு திறமை, நோயின் தொடக்கத்தில் பெருமளவு தப்பித்துக்கொள்கிறது. அதனால் வாக்கியம் ஒழுங்காக நிற்கும். உள்ளே இருக்க வேண்டிய குறிப்பான பெயர்ச்சொல் மட்டும் காணாமல் போயிருக்கும். படிப்பவருக்குப் பிழை எதுவும் கண்ணில் படாது, ஆனாலும் மங்கலாக இருக்கும். இந்த மங்கலைத்தான் 1972-இன் வாசகர் உணர்ந்தார். ஐம்பது வருடம் பழகிய கதைக்கட்டும் இலக்கணத்தைப் போலவே ஆழத்தில் இறங்கிவிட்ட பழக்கமாக இருந்திருக்கும், அதனால்தான் கடைசிவரை நின்றது என்பது என் ஊகம். அப்படியானால் முடிச்சை ரசித்து நடையில் சலித்துக்கொண்ட வாசகர் குழம்பிப் போகவில்லை. இரண்டையும் சரியாகவே படித்தார்.

கிறிஸ்டி விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாததை இன்னொருவர் விஷயத்தில் சொல்ல முடியும். ஐரிஸ் மர்டாக், தத்துவ ஆசிரியர், புக்கர் பரிசு பெற்ற நாவலாசிரியர், 1999-இல் இறந்தார். அவருக்கு அல்சைமர் இருந்ததை மூளைப் பரிசோதனை உறுதிசெய்தது. அவருடைய கடைசி நாவல் 'ஜாக்ஸன்ஸ் டைலெம்மா' 1995-இல் வந்தது. அப்போது நோய் என்று யாருக்கும் தெரியாது. எழுத்து ஓடவில்லை, ஏதோ அடைப்பு என்றுதான் அவரும் எண்ணினார். லண்டனில் பீட்டர் கேரர்டும் சக ஆய்வாளர்களும் அந்த நாவலை, 1954-இல் வந்த முதல் நாவலோடும் 1978-இன் 'தி ஸீ, தி ஸீ' நாவலோடும் ஒப்பிட்டார்கள். சொல்வளம் கடைசி நாவலில் தெளிவாகக் குறைந்திருந்தது; எல்லோரும் அடிக்கடி புழங்கும் சொற்களே அதிகம். வாக்கிய அமைப்பில் பெரிய மாற்றமில்லை. மர்டாக் கையால் எழுதுபவர், தம் எழுத்தில் பதிப்பாசிரியர் கைவைப்பதை விரும்பாதவர். அந்தப் பிடிவாதம் ஆய்வாளர்களுக்கு வரமாக அமைந்தது: அச்சில் இருப்பது முழுக்க அவர் மூளையிலிருந்து வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகாதா? ஆகாது. முதுமையில் சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றுவிடும், வரத் தாமதமாகும். ஆனால் சொற்களஞ்சியம் எழுபது வயதிலும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். டொரான்டோ குழு 2011-இல் இதைச் சோதிக்க மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டது. பி. டி. ஜேம்ஸ், கிறிஸ்டியின் வழியில் வந்த குற்றக்கதை எழுத்தாளர், முதுமையிலும் அறிவுத் தெளிவோடு இருந்தவர். 91 வயதில்கூட ஒரு நாவல் வெளியிட்டார். மூவரின் நாவல்களாக ஐம்பது சொச்சத்தை அலசினார்கள். ஜேம்ஸின் சொல்வளம் சீராகவே இருந்தது, கிறிஸ்டியின் சரிவோ மர்டாக்கின் சரிவைப் போல இருந்தது.

ஆனால் அதே ஆய்வில் மர்டாக்கின் வரைகோடு இன்னொரு வேடிக்கையும் காட்டியது. அவருடைய நடுவயதில், ஐம்பதை ஒட்டி, சொல்வளம் ஒருமுறை பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியிருக்கிறது. நோய்க்கு வெகுகாலம் முன்பு. அந்தப் பள்ளத்தின் நடுவில் நின்று யாராவது அளந்திருந்தால், இவர் கதை முடிந்தது என்று எழுதிவிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் புக்கர் பரிசு நாவலே வந்தது. ஒரு எழுத்தாளரின் ஒரே ஒரு சுமாரான புத்தகத்தை வைத்துக்கொண்டு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இந்தப் பள்ளத்தை முதலில் காட்ட வேண்டும்.

கிறிஸ்டி பக்கமும் வாதாட ஆள் வேண்டும். புகழ் ஏற ஏறப் பதிப்பாசிரியரின் பேனா தயங்கும். 82 வயது மேதையிடம் 'இந்த உரையாடல் நீளம், அம்மா' என்று யார் சொல்வது? மணிக்கட்டு முறிந்த பிறகு அவர் ஒலிப்பதிவுக் கருவியில் பேசி எழுதும் பழக்கத்துக்கு வந்தார். பேச்சில் சொன்னதையே திருப்பிச் சொல்வது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் அந்தப் பழக்கம் 1950-களிலேயே வந்துவிட்டது, ஆகவே 1972-இன் சரிவு முழுவதையும் அதன் தலையில் கட்ட முடியாது. மேலும், எளிமை அவருடைய பலம். ஆரம்பத்திலிருந்தே அலங்காரம் இல்லாமல் எழுதியவர். எளிய சொல்லைத் தேர்ந்து எடுப்பதும், வேறு சொல் வராமல் அதையே எடுப்பதும் பக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆசிரியரின் பழைய புத்தகங்களை அருகில் வைக்காமல் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

அப்படி அருகில் வைக்கக் காலமே ஏற்பாடு செய்து தந்த புத்தகம் ஒன்று உண்டு. 1975-இல், 'போஸ்டர்ன்' வந்து இரண்டு வருடம் கழித்து, 'கர்ட்டன்' வெளியானது. பொய்ரோ இறந்துபோகும் நாவல். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆகஸ்ட் 6 அன்று அந்தக் கற்பனை மனிதனுக்கு முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. நாவல் கத்தி மாதிரி இருந்தது, முடிவு ஈவிரக்கமற்றது. எண்பத்தைந்து வயதில் பழைய கிறிஸ்டி திரும்பிவிட்டாரா? இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சில் தாம் செத்துப்போனால் குடும்பத்துக்கு ஆகட்டும் என்று எழுதி, பெட்டகத்தில் பூட்டி வைத்த கைப்பிரதி அது. முப்பது வருடத்துக்கு முந்தைய மூளையும் அன்றைய மூளையும் இரண்டு வருட இடைவெளியில் ஒரே கடையில் விற்பனைக்கு வந்தன. நாவல்களை வெளியான வருடப்படி வரிசைப்படுத்தும் ஆய்வாளர் இந்த இடத்தில் தடுக்கி விழுவார். எழுதிய வருடம்தான் கணக்கு.

எழுத்தில் மூளையின் சுவடு எத்தனை வருடம் முன்பே விழுகிறது என்பதற்கு இதைவிடத் திகைக்க வைக்கும் சான்று அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளிடமிருந்து வந்தது. டேவிட் ஸ்னோடன் என்ற தொற்றுநோயியல் ஆய்வாளர் நோட்ர டாம் சபையைச் சேர்ந்த 678 முதிய சகோதரிகளைப் பின்தொடர்ந்தார். இறந்த பின் மூளையைத் தருவதற்கும் அவர்கள் சம்மதித்திருந்தார்கள். அவர்களில் 93 பேர் சராசரியாக 22 வயதில், மடத்தில் சேரும்போது கைப்பட எழுதிக் கொடுத்த சுயசரிதைக் குறிப்புகள் ஆவணக் காப்பில் கிடந்தன. மொழியியலாளர் சூசன் கெம்பர், பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்துகள் அடைத்து எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினார். 1996-இல் முடிவு வெளியானது. அதுவரை இறந்து மூளை ஆராயப்பட்ட 14 பேரில், இளமையில் கருத்துச் செறிவு குறைவாக எழுதிய அனைவருக்கும் அல்சைமர் இருந்தது. செறிவாக எழுதியவர்களில் ஒருவருக்கும் இல்லை. பதினான்கு என்பது சிறு கூட்டம். செறிவான எழுத்து நோயைத் தடுக்கும் மூளைவலிமையின் அடையாளமா, அல்லது செறிவின்மை அறுபது வருடம் பதுங்கிவரும் நோயின் முதல் நிழலா என்பது இன்னும் வாதத்துக்குரியது. ஆனாலும் இருபத்திரண்டு வயதுப் பெண் தன் அப்பா அம்மாவைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தில் எண்பது வயதின் சேதி ஏதோ இருந்தது என்பதை நினைத்தால் பேனாவைத் தொடவே கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

நாவலாசிரியர்களோடு இது நிற்கவில்லை. 2015-இல் அரிசோனா ஆய்வாளர்கள் அதிபர் ரொனால்ட் ரீகனின் செய்தியாளர் சந்திப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். தமக்கு அல்சைமர் என்று ரீகன் அறிவித்தது 1994-இல், பதவி விட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு. தனித்தனிச் சொற்கள் குறைவதும் மழுப்பல் சொற்கள் கூடுவதும் பதவிக் காலத்திலேயே தெரிந்தன. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் புஷ்ஷிடம் அந்த மாற்றம் இல்லை. மறதி நோயைச் சோதிக்க மருத்துவமனைகளில் ஒரு படம் காட்டி விவரிக்கச் சொல்வார்கள்: தண்ணீர் வழியும் தொட்டியருகே பாத்திரம் துடைக்கும் தாய், பின்னால் முக்காலி ஏறி பிஸ்கட் திருடும் பையன். நோயாளி எத்தனை குறிப்பான சொற்களில் அந்தக் காட்சியைச் சொல்கிறார் என்று கணினி இப்போது கவனிக்கிறது.

இதே கணக்கைத் தமிழில் போட வேண்டுமானால் சூத்திரத்தை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டையும், வீட்டிலிருந்துதான் என்பவற்றைக் கணினி ஐந்து புதுச்சொற்களாக எண்ணிவிடும்; உருபு ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் யார் எழுதினாலும் சொல்வளம் கொழிப்பதாகத் தெரியும். முதலில் விகுதியையும் உருபையும் கழற்றி வேர்ச்சொல்லை எடுக்க வேண்டும். புணர்ச்சியைப் பிரிக்க வேண்டும். பேச்சு வழக்கில் வரும் உரையாடலை வேறு ஒழுங்குபடுத்த வேண்டும். இதற்கான கருவிகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, ஆங்கிலத்துக்கு இருக்கும் அளவுக்கு இல்லை.

சரக்குக்கு மட்டும் பஞ்சமில்லை. நோயைத் தேட வேண்டாம்; ஆரோக்கியமான ஒருவரின் சொல்வளம் முப்பது வயதிலிருந்து எழுபது வரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதற்கே நம் மாத நாவல்கள் பொன்னான பொருள். ஏறத்தாழ ஒரே பக்க அளவு, ஒரே வகைக் கதை, அட்டையில் அச்சிட்ட மாதமும் வருடமும். மாதம் தவறாமல் எழுதியதால் எழுதிய காலத்துக்கும் வெளியான காலத்துக்கும் பெரிய இடைவெளி இருக்காது, அதாவது 'கர்ட்டன்' சிக்கல் இல்லை. பழைய புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அட்டை கிழிந்த பிரதிகளுக்கு மட்டும், எந்த மாதத்தது என்று தனியே துப்பறிய வேண்டியிருக்கும்.